திருவனந்தபுரம் துடைத்து எழுதிய கணினிகள்

2001 ஜூலை 11 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. விரைவில் வரவிருந்த விண்டோஸ் எக்ஸ்பி-யில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியின் சின்னத்தை, விரும்பினால், கணினித் தயாரிப்பாளர்கள் எடுத்துவிடலாம். நிரல்களை நீக்கும் பட்டியலிலும் இனி அதன் பெயர் இருக்கும் என்றது அந்த அறிவிப்பு. திரையில் கிடக்கும் ஒரு படத்தை எடுத்துப்போட அனுமதி. அவ்வளவுதான். அதைப் பெறுவதற்குள் அமெரிக்க நீதித்துறையும் பல மாநில அரசுகளும் மூன்று வருடத்துக்கு மேல் வழக்காடியிருந்தன.

ஒன்பது நாள் கழித்து, ஜூலை 20 அன்று, ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்தில் இருந்தார். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கியவர் அவர். வாங்கியவர் தம் கணினியில் ஓடும் மென்பொருளைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பது அந்த இயக்கத்தின் கொள்கை. அதன் இந்தியக் கிளையான ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியாவை அன்று அந்நகரில் அவர் தொடங்கி வைத்தார். பெங்களூரோ ஹைதராபாத்தோ பம்பாயோ இருக்க, இந்தியாவின் தென்கோடியில் தலைமைச் செயலகமும் பத்மநாபசாமி கோயிலும் அரசு அலுவலர்களும் நிறைந்த ஒரு நகரம் அதற்குத் தேர்வானது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த நகரத்திலிருந்து எடுக்கப்பட்ட முடிவுகளால் கேரளத்தின் பள்ளிக் கணினிகள் அத்தனையும் துடைக்கப்பட்டு, உள்ளே இருந்தவை மாற்றி எழுதப்பட்டன.

புதுக் கணினி வாங்கியவர் எவரும் அனுபவித்திருக்கும் தொல்லைதான் இந்த வரலாற்றின் வேர். பெட்டியைப் பிரித்து, பொத்தானை அழுத்தினால், கேட்காத பல உள்ளே உட்கார்ந்திருக்கும். முப்பது நாளில் காலாவதியாகி அதன்பின் பணம் கேட்கும் வைரஸ் தடுப்பான், தயாரிப்பாளரின் சொந்த 'உதவியாளர்', விளையாட்டுகள், செய்தி காட்டும் சட்டம், இன்னொரு உலாவி. இவற்றில் சிலவற்றைக் கணினியில் ஏற்றித் தரத் தயாரிப்பாளருக்கு அந்தந்த நிறுவனம் பணம் தருகிறது. விலை மலிந்து லாபம் மெலிந்துபோன கணினி வியாபாரத்தில் அது ஒரு வருமானம். நினைவகத்தில் இடமும் வட்டில் இடமும் இழப்பவர், காசு கொடுத்து வாங்கியவர்.

அது வெறும் தொல்லையோடு நின்றுவிடுவதும் இல்லை. லெனோவோ நிறுவனம் 2014இல் விற்ற சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரலை முன்கூட்டியே ஏற்றியிருந்தது. வங்கித் தளம் போன்ற பாதுகாப்பான இணைப்புகளுக்கு நடுவிலும் அது புகுந்து விளம்பரம் செருகியது. அதற்காக அது பதித்த சான்றிதழின் சாவி எல்லாக் கணினியிலும் ஒன்றேதான். அந்தச் சாவியைக் கண்டுபிடித்தவன் யாராக இருந்தாலும் அந்தக் கணினிகளின் தொடர்பை ஒட்டுக்கேட்க முடியும். 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தபோது நிரலை நீக்கினால் மட்டும் போதவில்லை, சான்றிதழையும் தேடிப்பிடித்துத் தனியே நீக்க வேண்டியிருந்தது.

நீக்குவது ஏன் இவ்வளவு பாடு என்பதற்கு விடை, நிரல் எந்த அடுக்கில் பதிந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. மேலே ஒட்டிய நிரலைப் பட்டியலில் தேடி 'அன்இன்ஸ்டால்' அழுத்தினால் போய்விடும். விண்டோஸ் 8 முதல் வரும் உள்ளமைந்த செயலிகள் வேறு மாதிரி. ஒரு மூலப்பிரதி கணினியில் இருக்கும். புதிதாக ஒருவர் கணக்குத் தொடங்கும்போதெல்லாம் அவருக்கு அதிலிருந்து ஒரு படி எடுத்துத் தரப்படும். ஒருவர் தன் படியை நீக்கினாலும் மூலம் அப்படியே இருக்கும். அதையும் நீக்க பவர்ஷெல் கட்டளைச் சாளரத்தைத் திறந்து வேறொரு கட்டளை கொடுக்க வேண்டும். அதற்கும் அடியில், பல மடிக்கணினிகளில், கண்ணுக்குத் தெரியாத மீட்புப் பகுதி ஒன்று வட்டில் இருக்கும். என்றைக்காவது கணினி பழுதாகி 'தொழிற்சாலை நிலைக்கு' மீட்டால், ஆறு மாதம் முன்பு நீக்கியவை அனைத்தும் வரிசையாக வந்து நிற்கும்.

எதை நீக்கலாம், எதை நீக்கக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் யாருடையது என்பதுதான் அமெரிக்க வழக்கின் மையமும். உலாவி விண்டோஸின் பிரிக்க முடியாத அங்கம், எடுத்தால் அமைப்பே குலைந்துவிடும் என்று மைக்ரோசாஃப்ட் வாதிட்டது. 1997 டிசம்பரில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன், விண்டோஸ் 95 ஓடும் ஒரு கணினியில் உலாவியை நீக்கிப் பார்க்கச் சொன்னதாகவும், தொண்ணூறு விநாடிக்குள் வேலை முடிந்து கணினி நன்றாக ஓடியதாகவும் நீதிமன்றத்திலேயே தெரிவித்தார். அடுத்த ஆண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கணினியியல் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன், விண்டோஸ் 98இலிருந்து உலாவும் வசதியை எடுத்துவிடும் நிரலை எழுதிச் சாட்சியம் சொன்னார். அந்த நிரல் கணினியை மந்தமாக்குகிறது என்று காட்ட மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த காணொளி, குறுக்கு விசாரணையில் நம்பகத்தன்மை இழந்தது. 2000 ஜூனில் நிறுவனத்தை இரண்டாக உடைக்கச் சொல்லி ஆணை வந்தது. 2001 ஜூன் 28 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அதற்கு இரண்டு வாரத்துக்குள் வந்ததுதான் சின்னத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற அறிவிப்பு.

திருவனந்தபுரத்தில் கூடியவர்கள் யோசித்தது வேறு திசையில். ஒவ்வொன்றாக நீக்க அனுமதி கேட்டுக்கொண்டிருப்பதைவிட, தனக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் வைத்துத் தானே கட்டிக்கொள்ளக் கூடிய அமைப்பு இருக்கும்போது அதை ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

இந்த எண்ணம் அந்நகருக்கு வந்த பாதை விசித்திரமானது. கணித அச்சுக்கோப்பு வழியாக வந்தது அது. கேரளப் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் அரைக்குலக் கோட்பாட்டில் உலகறிந்த பெயர் பேராசிரியர் கே.எஸ்.எஸ். நம்பூதிரிப்பாடு. சமன்பாடுகளை அழகாக அச்சிட டொனால்ட் க்னூத் உருவாக்கிய டெக் என்ற மென்பொருள், மூலநிரலோடு யாருக்கும் கிடைத்தது. அதை நகரின் மாணவர்களிடையேயும் நண்பர்களிடையேயும் பரப்பியவர்களில் அவர் முன்னோடி. அந்த வட்டத்தில் இருந்த சி.வி. ராதாகிருஷ்ணன் தசை வலுவிழக்கும் நோயோடு வாழ்ந்தவர். பல்கலைக்கழக வேலையை விட்டு ரிவர் வேலி டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, வெளிநாட்டுப் பதிப்பகங்களின் அறிவியல் இதழ்களை டெக் கொண்டே பக்கமாக்கிக் கொடுத்தார். இந்திய டெக் பயனர் குழுவும் அந்த வட்டத்தில் பிறந்தது. 2002 செப்டம்பரில் உலக டெக் பயனர்களின் வருடாந்தர மாநாடு திருவனந்தபுரத்தில் நடந்தது.

அதே வட்டத்தில் இன்னொருவர் சதீஷ் பாபு. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பில் பணியாற்றியவர், பிற்பாடு கேரள அரசின் கட்டற்ற மென்பொருள் மையமான ஐசிஃபாஸின் முதல் இயக்குநர். கணித ஆசிரியர், அச்சுக்கோப்பவர், மீனவர் கூட்டமைப்பில் வேலை பார்த்தவர். 1990இல் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகக் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் எழுந்த ஊரில், மென்பொருளைப் பற்றிய மாற்று யோசனை பூங்காவின் பெரிய நிறுவனங்களைவிட இப்படிப்பட்டவர்களிடம்தான் முதலில் வேரூன்றியது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் போன்ற மக்கள் அறிவியல் இயக்கமும், வாசகசாலைகளும், வலுவான ஆசிரியர் சங்கங்களும் உள்ள மண் என்பதால், கணினித் துறைக்குள் முடிந்துபோயிருக்கக் கூடிய விவாதம் பள்ளிக்கூடம் வரை போயிற்று.

பள்ளிக்கூடத்தில்தான் உண்மையான சோதனை நடந்தது. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, 2001இல் கேரள அரசு 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. கணினியறிவை உயர்நிலைப் பள்ளியில் தனிப் பாடமாக்குவது திட்டம். தொடக்கத்தில் பாடநூல் விண்டோஸையும் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸையும் சுற்றியே எழுதப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் அது எவருக்கும் வினோதமாகப் படவில்லை. கணினி என்றாலே அதுதான் என்பது நாடு முழுக்க நிலவிய எண்ணம்.

எதிர்ப்பு கிளம்பியது ஆசிரியர்களிடமிருந்து. கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கமான கே.எஸ்.டி.ஏ.வும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் ஒரே கேள்வியைக் கேட்டனர்: அரசுப் பாடநூல் ஒரு தனியார் நிறுவனத்தின் பொருளைப் பழக்கும் கையேடாக இருக்கலாமா? அதில் காசுக் கணக்கும் இருந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகமும் சட்டமன்ற உறுப்பினர் நிதியும் சேர்ந்து வாங்கிய கணினி ஒவ்வொன்றுக்கும் உரிமக் கட்டணம் செலுத்துவது அரசுப் பள்ளிக்கு ஆகிற காரியமா? செலுத்தாமல் திருட்டுப் பிரதியை ஏற்றிவிட்டுக் குழந்தைகளுக்கு நேர்மை பற்றிப் பாடம் நடத்துவது எப்படி? இந்தக் கடைசிக் கேள்வியின் கூர்மையை இன்றைக்கும் பல மாநிலங்களின் பள்ளிகள் நேருக்கு நேர் பார்க்கவில்லை.

அரசு ஒரேயடியாகத் திரும்பவில்லை. முதலில் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. பள்ளி விரும்பினால் கட்டற்ற இயங்குதளமான க்னூ/லினக்ஸில் நடத்தலாம், இல்லையென்றால் விண்டோஸ். 'ஸ்பேஸ்' போன்ற திருவனந்தபுரம் அமைப்புகள் பயிற்சிக்குத் துணை நின்றன. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் ஐ.டி. கோஆர்டினேட்டராகப் பொறுப்பேற்றார். அவர் கணிதமோ இயற்பியலோ மலையாளமோ கற்பிப்பவர். கணினிப் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அவர்களுக்கு மேல் 'மாஸ்டர் ட்ரெய்னர்' என்ற அடுக்கு. இவர்களும் பள்ளி ஆசிரியர்களே. கோடை விடுமுறையில் மாவட்ட மையங்களில் பயிற்சி நடக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது வட்டுகளோடு ஊருக்குத் திரும்புவார்கள்.

2006 மே மாதம் வி.எஸ். அச்சுதானந்தன் முதலமைச்சரானார். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த காலத்திலேயே கட்டற்ற மென்பொருளை வெளிப்படையாக ஆதரித்தவர். ஆகஸ்டில் ஸ்டால்மன் மீண்டும் வந்து அவரைச் சந்தித்தார். கல்வி அமைச்சர் எம்.ஏ. பேபியின் காலத்தில் பள்ளிகளில் விண்டோஸ் வேண்டாம் என்ற திசை உறுதியானது. உலகச் செய்தி நிறுவனங்கள் அதைப் பெரிதாக எழுதின; ஒரு கம்யூனிஸ்ட் அரசு அமெரிக்க நிறுவனத்தை விரட்டுகிறது என்ற தொனியில் பல செய்திகள் வந்தன. அந்த வாசிப்பு மேலோட்டமானது. திட்டம் தொடங்கியதும், முதல் லினக்ஸ் பயிற்சிகள் நடந்ததும் காங்கிரஸ் தலைமையிலான ஆட்சியில்தான். பின்னால் 2011இல் ஆட்சி மாறியபோதும், 2016இல் மறுபடி மாறியபோதும் பள்ளிக் கணினி மாறவில்லை. கட்சி வேற்றுமையைத் தாண்டி அது நிலைத்ததற்குக் காரணம், முடிவு ஆயிரக்கணக்கான ஆசிரியர்களின் கைப்பழக்கமாக ஆகிவிட்டிருந்ததுதான். 2007இல் வெளியான மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கையும் கட்டற்ற மென்பொருளுக்கு முதலிடம் தந்தது. அதே காலத்தில் திருவனந்தபுரத்தின் பட்டம் பகுதியில் தலைமையகம் கொண்ட மாநில மின்வாரியம் தன் பொறியாளர்களைக் கொண்டே 'ஒருமா' என்ற பில்லிங் மென்பொருளைக் கட்டற்ற கருவிகளில் எழுதி வைத்தது.

பத்தாம் வகுப்புத் தேர்வில் ஐ.டி. செய்முறை முழுவதும் க்னூ/லினக்ஸுக்கு மாறியபோது மாற்றம் முழுமையடைந்தது. தேர்வு எதில் நடக்கிறதோ பாடமும் அதில்தானே நடக்கும்.

உண்மையான கைவேலை இனிதான். லினக்ஸ் என்பது ஒரு பெட்டியில் வரும் ஒரே பொருள் இல்லை. ஆயிரக்கணக்கான தொகுப்புகளிலிருந்து பொறுக்கி எடுத்துக் கட்டுவது. திருவனந்தபுரத்தின் பூஜப்புரையில், மாநிலக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமான எஸ்.சி.இ.ஆர்.டி.யின் வளாகத்தில் இயங்கும் ஐடி அட் ஸ்கூல் அலுவலகத்தை மையமாகக் கொண்டு, ஆசிரியர்களின் குழு பள்ளிக்கென்று தனி இயங்குதளம் ஒன்றைத் தொகுத்தது. முதல் பதிப்புகள் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டவை. பிறகு உபுண்டு என்ற இன்னொரு தொகுப்புக்கு மாறினார்கள். பாடநூலில் எந்த நிரல் வருகிறதோ அது இருக்க வேண்டும், தேவையில்லாதது எடுக்கப்பட வேண்டும், பழைய கணினியிலும் ஓட வேண்டும், மலையாளம் சரியாகத் தெரிய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை சாதாரணமானதன்று. கூட்டெழுத்துகள் நிறைந்த பழைய மலையாள எழுத்துமுறைக்கு 'ரசனா' குழு 1999இல் எழுத்துரு செய்திருந்தது. 2002இல் தொடங்கிய ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழு எழுத்துரு, விசைப்பலகை, மொழிபெயர்ப்பு என்று வருடக்கணக்கில் உழைத்தது. அந்த உழைப்பில்லாமல் மலையாள வழிப் பள்ளிக்கு அந்த இயங்குதளத்தைக் கொடுத்திருக்கவே முடியாது.

தொகுப்பில் என்ன இருந்தது என்று பார்த்தால் அதைச் செய்தவர்களின் மனம் தெரியும். படம் திருத்த கிம்ப், வரைய இங்க்ஸ்கேப், நிலப்படத்துக்கு க்யூஜிஐஎஸ், வான்மீன் பார்க்க ஸ்டெல்லேரியம், தனிம அட்டவணைக்குக் கால்சியம், சிறு பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரிஸ், ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி, கடிதம் எழுத லிப்ரேஆஃபீஸ், நிரல் எழுத ஸ்க்ராட்சும் பைத்தானும். சமூக அறிவியல் ஆசிரியர் நிலப்படம் போட, வேதியியல் ஆசிரியர் தனிமத்தைக் காட்ட, ஓவியத்தில் கைதேர்ந்த பிள்ளை சுவரொட்டி செய்ய என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுப்பும் ஓர் ஆளும் உண்டு. கடையில் வாங்கிய கணினியோடு வரும் பட்டியலோடு இதை ஒப்பிட்டால், ஒன்று விற்கத் தெரிந்தவர்கள் அடுக்கியது, மற்றது கற்பிக்கத் தெரிந்தவர்கள் அடுக்கியது என்பது பளிச்சென்று விளங்கும்.

ஒரு பள்ளி ஆய்வகத்தில் இயங்குதளம் ஏற்றும் வேலை பார்க்க எளிமையாக இருக்கும். பென்டிரைவைச் செருகிக் கணினியை மறுபடி இயக்குவார்கள். தொடக்கத் திரை வரும் நொடியில் விசையை அழுத்தி, வட்டிலிருந்து இயங்காமல் பென்டிரைவிலிருந்து இயங்கச் செய்வார்கள். மொழி, விசைப்பலகை, நேர மண்டலம் கேட்கும். பிறகு வருவதுதான் கையை நிறுத்திவைக்கும் திரை: வட்டைத் துடைத்துவிட்டு நிறுவவா? அனுபவமுள்ள கோஆர்டினேட்டர் அந்த இடத்தில் ஆம் என்று அழுத்த மாட்டார். 'வேறு வழி' என்பதைத் தேர்ந்து, பகுதிகளின் பட்டியலைத் திறந்து, பிள்ளைகளின் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியை அழிக்காமல் விட்டுவிட்டு, அமைப்பு இருக்கும் பகுதியை மட்டும் துடைப்பார். முதல் தடவை ஏற்றும் கணினி என்றால் முழுவதும் துடைக்கலாம். தயாரிப்பாளரின் மீட்புப் பகுதி உட்பட எல்லாம் போகும். முன்னால் சொன்னபடி அங்கேதான் வேண்டாதவை ஒளிந்திருந்து திரும்பி வரும் என்பதால், அது போவது நல்லதே.

ஏற்றி முடித்த பிறகும் ஏதாவது வேண்டாம் என்று தோன்றினால் முனையத்தில் ஒரு வரி போதும். 'ரிமூவ்' என்றால் நிரல் போகும், அமைவுக் கோப்புகள் தங்கும். 'பர்ஜ்' என்றால் அவையும் சேர்ந்து போகும். 'ஆட்டோரிமூவ்' என்றால் அந்த நிரலுக்காக மட்டுமே வந்து இப்போது யாருக்கும் பயன்படாமல் நிற்கும் துணைத் தொகுப்புகளும் வெளியேறும். நீக்குவதற்கு முன் எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று கணினியே பட்டியல் போட்டு ஒப்புதல் கேட்கும். வாஷிங்டன் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நடந்த விவாதத்தின் பொருளை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஆய்வகத்தில் ஒரு நிமிடத்தில் செய்துபார்க்கலாம்.

சிரமங்கள் இருந்தன, சின்னச் சிரமங்கள் இல்லை. அச்சுப்பொறியும் ஸ்கேனரும் லினக்ஸில் ஓடாது என்று விற்பவர்கள் கைவிரித்தனர். விண்டோஸில் பழகிய ஆசிரியர்கள் தயங்கினர். வீட்டில் விண்டோஸ் வைத்திருக்கும் பெற்றோர், வேலைக்கு உதவாததைப் பள்ளி கற்பிக்கிறது என்று கவலைப்பட்டனர். அந்தக் கவலையை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. கல்லூரியும் அலுவலகமும் வேறு மென்பொருளில் ஓடும்போது பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை மாறித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒன்றுக்குப் பழகிய பிள்ளை இன்னொன்றைப் பிடித்துக்கொள்ள நாளாகாது. பட்டன் எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்குத்தான் பதிப்பு மாறும்போதெல்லாம் கஷ்டம்.

2017இல் ஐடி அட் ஸ்கூல் அரசு நிறுவனமாக மாறி 'கைட்' என்று பெயர் பெற்றது. அடுத்த ஆண்டு பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள் தொடங்கின. 2019இல் உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய பதிப்பைப் பள்ளிகளின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ஏற்றத் திட்டமிட்டபோது, இதே வசதிகளை உரிமம் பெற்ற மென்பொருளாக வாங்கினால் கணினி ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் ஆகும், மொத்தத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் கணக்கு சொன்னது. பள்ளிகளுக்குக் கிடைக்கும் சலுகை விலையில் பார்த்தால் தொகை குறையலாம். எவ்வளவு குறைத்தாலும் அது ஒரு மாநிலத்தின் கல்விச் செலவில் கண்ணில் படும் தொகைதான். 2020 அக்டோபரில் பொதுக்கல்வியை முழுமையாக டிஜிட்டலாக்கிய முதல் மாநிலம் என்று கேரளம் தன்னை அறிவித்தபோது, 16,027 பள்ளிகளில் 3.74 லட்சம் கருவிகள் கொடுக்கப்பட்டிருந்தன.

இதேபோல் முயன்ற வேறு ஊர்களின் கதை இவ்வளவு நீளவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் முடிவெடுத்து, பத்து ஆண்டில் சுமார் பதினையாயிரம் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் நகரமன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. ஸ்பெயினின் எக்ஸ்ட்ரமதுரா 2002இலேயே பள்ளிகளுக்காக 'லினெக்ஸ்' என்ற சொந்தத் தொகுப்பை வெளியிட்ட முன்னோடி. அதுவும் பத்தாண்டுக்குப் பிறகு தேய்ந்தது. கேரளத்திலோ இருபது ஆண்டுக்கு மேலாக நீடிக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஓர் அத்தியாயம் உண்டு. தமிழ்நாடு அரசின் மின்னணுக் கழகமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் 2006 வாக்கில் தம் அலுவலகக் கணினிகளை சூஸே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டி, அரசுக் கொள்முதலிலும் லினக்ஸ் கணினிகளைக் கொண்டுவந்தார். மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸின் முதல் பதிப்பு 2007இல் வந்தது. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. கணினியை இயக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பாஸைக் கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியரோ பாடநூலோ தேர்வோ பின்னால் இல்லை. லட்சக்கணக்கான பிள்ளைகளின் மடிக்கணினியில் அது யாரும் திறக்காத இன்னொரு முன்நிறுவல் ஆகிவிட்டது. கேரளம் செய்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மென்பொருளில் இல்லை, பயிற்சி பெற்ற கோஆர்டினேட்டர் ஆசிரியரிடம் இருந்தது.

திருவனந்தபுரத்தில் தமிழ்வழிப் பள்ளியும் இருக்கிறது. சாலைக் கடைத்தெருவை ஒட்டி, நாகர்கோவில் பக்கமிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வியாபாரத்துக்கு வந்து தங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் தலைமுறையாகப் படித்துவரும் அரசுத் தமிழ்ப் பள்ளி. கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் பாடநூல் அச்சிடுகிறது. பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வின் திரையையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். கட்டற்ற மென்பொருளின் தமிழ் இடைமுகத்தை உலகெங்குமுள்ள தமிழர்கள் காசு வாங்காமல் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். அதைப் பள்ளியில் அன்றாடம் பயன்படுத்தும் பிள்ளைகளில் ஒரு பங்கு கேரளத்தில் இருப்பது தமிழ்நாடு கவனிக்க வேண்டிய செய்தி.

சண்டை இப்போது கைபேசிக்கு நகர்ந்துவிட்டது, அங்கே நிலைமை கடினம். ஆண்ட்ராய்டு கைபேசியில் முன்நிறுவிய பல செயலிகள் எழுத முடியாத அமைப்புப் பகுதியில் பதிந்திருப்பதால் 'முடக்க' மட்டும்தான் முடியும், நீக்க முடியாது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்து, பயனர் செயலியை நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது; நீக்கும் உரிமை பற்றிய ஆணை உட்பட நான்கு கட்டளைகளை ரத்து செய்தது. ஐரோப்பாவில் 2024 மார்ச் முதல் டிஜிட்டல் சந்தைச் சட்டப்படி விண்டோஸ் 11இலிருந்து எட்ஜ் உலாவியையே நீக்க முடிகிறது. அதே விண்டோஸ் வாங்கும் இந்தியருக்கு அந்தப் பொத்தான் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, புதுக் கைபேசிகள் அனைத்திலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்நிறுவச் சொல்லி உத்தரவிட்டது. எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களிலேயே, டிசம்பர் 3இல், திரும்பப் பெற்றது. நிறுவனமோ அரசோ, யார் வைத்தாலும் நீக்க முடியாத செயலி ஒன்றுதான்.

கைட்டின் ஆசிரியர்களால் கைபேசியைப் பிரித்துக் கட்ட முடியவில்லை. அதன் சில்லும் இயக்கியும் மூடியே இருக்கின்றன. தொடக்கப் பூட்டைத் திறக்கச் சில தயாரிப்பாளர்கள் விடுவதில்லை. ஆனால் கணினியில் அவர்கள் நிறுத்தவில்லை. உபுண்டு 22.04ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பு பள்ளிகளுக்கு வந்தாயிற்று. யாரும் இணையத்திலிருந்து இறக்கித் தங்கள் வீட்டுக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். செப்டம்பரில் வரும் மென்பொருள் சுதந்திர நாளை ஒட்டி மாவட்ட மையங்களில் நிறுவல் முகாம்கள் நடக்கின்றன. பொதுமக்கள் மடிக்கணினியைக் கொண்டுவந்தால் ஏற்றித் தருகிறார்கள். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட, வன்பொருள் நன்றாகவே இருக்கும் பழைய கணினிகள் வீடுகளில் நிறையக் கிடக்கின்றன. முகாமுக்கு எடுத்துப்போனால் அவற்றுக்கு இன்னும் பல வருட வேலை இருக்கிறது.